இரண்டு பை, பதினாறு கிராம்

இரண்டாம் மதிப்பாய்வாளர் எழுதியிருக்கிறார்:
'எலக்ட்ரான்களுக்குத் தனித்தனி அடையாளம் இல்லை என்கிறீர்கள்.
பிறகு எதை வைத்து இரண்டு என்று எண்ணுகிறீர்கள்?'
மூன்று மாதமாகப் பதில் எழுதுகிறேன்.
பகலில் நானும் மதிப்பீட்டாளன்தான்.
திருப்பாதிரிப்புலியூர் கூட்டுறவு வங்கி, நகைக்கடன் கவுண்டர்.
உரைகல்லும் அமிலக் குப்பியும்தான் ஆய்வுக்கூடம்.

கல்லில் இழுத்த கோடு மாற்று சொல்லும்.
சொன்னதற்குக் கூலியாக
கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.
தொடாமல் அளந்தவர் யாருமில்லை.
இதை அடிக்குறிப்பாகப் போட்டேன்,
பிறகு எடுத்துவிட்டேன்.

கட்டிய ஐந்நூறைத் திரும்பக் கேட்டால்
ஐந்நூறு தருவார்கள்.
'நான் கொடுத்த அந்த ஐந்நூறு எங்கே' என்று
சண்டை போட்டவரை லாரன்ஸ் ரோடு கண்டதில்லை.
கணக்கில் விழுந்ததும் அதற்கு 'அந்த' போய்விடுகிறது.
நகை அப்படியல்ல,
அரக்கு முத்திரைக்குள் அது அதுவாகவே காத்துக் கிடக்கும்.
எலக்ட்ரான் நகையல்ல, இருப்புத் தொகை.
என் ஆய்வு மொத்தமும் இவ்வளவுதான்.
மீதி நூற்றெண்பது பக்கம் கணக்கு.

தடைக்காலம் முடிந்து, ஆனிக் கடைசியில்,
சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி மீட்க வந்தார்.
அவர் வைத்த அன்றைக்கே
ஓரகத்தி கெங்கையம்மாவும் வைத்திருந்தார்:
அதே கடை, அதே கோதுமைச் செயின், அதே பதினாறு கிராம்.
பையைப் பிரித்துக் கொடுத்தேன்.
உள்ளங்கையில் ஒரு தரம் ஏந்திப் பார்த்து
'இது என்னுது இல்ல சார்.'
தராசில் வைத்தேன். பதினாறு.
'எடை இல்லன்னு யாரு சொன்னது?'
கொக்கியில் வளைவு, கண்ணியில் கீறல், ஏதாவது?
'அடையாளம்லாம் ஒண்ணும் கெடயாது. ஆனா இது இல்ல.'

பண்பையெல்லாம் கழித்த பிறகும்
மிஞ்சி நிற்கும் ஒரு வெறும் 'இதுவே'.
ஏழு வருடம் நான் எதிர்த்து எழுதிய கட்சி
வட்டி ரசீதைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றது.

இன்னொரு பையையும் பிரித்தேன்.
ஒரே தட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டு
மேலாளர் அறைக்கு எட்டடி.
நாலாவது அடியில் மின்சாரம் போனது,
தட்டு சாய்ந்தது,
சரசரவென்று ஒரு சின்னச் சத்தம்.
விளக்கு வந்தபோது
தட்டில் இரண்டு இருந்தன.
எது முதலாவது, எது இரண்டாவது,
அது மட்டும் இல்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை. மேலாளரிடமும்.

அஞ்சலாட்சி யோசிக்கவே இல்லை. ஒன்றை எடுத்தார்,
மாட்டினார், போய்விட்டார்.
ஆவணியில் கெங்கையம்மா மற்றதை
முந்தானையில் முடிந்துகொண்டார், பார்க்கக்கூட இல்லை.

இரவு கெடிலம் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தேன்.
தெற்கிலிருந்து சிப்காட் காற்று, அழுகிய முட்டைக்கோஸ் போல.
அந்தச் சங்கிலிகளுக்கு இருட்டிலும் ஒரு வழி இருந்தது;
பார்க்காமல் விட்டவன் நான்.
எலக்ட்ரான் விஷயம் வேறு.
அங்கே பார்க்காமல் விட ஒரு வழியே கிடையாது.
என் அறியாமை வேறு, உலகத்தின் இன்மை வேறு.
இந்த வித்தியாசத்துக்கு
எனக்கு ஒரு மின்தடை தேவைப்பட்டிருக்கிறது.

தானுண்டு தன் வேலையுண்டு என்கிறோம்.
அதற்குத் தான் இல்லை. வேலை உண்டு.
தள்ளுவது, ஈர்ப்பது, அடுத்ததோடு இடம் ஒத்துக்கொள்ளாதது:
உறவாகவே இருந்துவிட்டுப் போகிறது,
உறவுக்காரர் யாருமில்லாமல்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டிய பதிலில்
ஒரு சொல் இடறுகிறது.
நான் உண்டு, நீ உண்டு, அவை உண்டு;
ஆளையோ பாலையோ எண்ணையோ கேட்காமல்
'உண்டு' அப்படியே நிற்கிறது.
அதை எப்படி அனுப்புவது?

திங்கட்கிழமை. கூட்டம்.
'டோக்கன் நாற்பத்தொன்று' என்றேன்.
இரண்டு பேர் எழுந்தார்கள்.